ஆட்டுக்கொட்டகை வரை இணையம்: பாலிக் புலாவ் மலைச்சரிவில் ஓராண்டு வேலை

மாமாவின் வீடு மலேசியாவின் பினாங்குத் தீவில், புக்கிட் பெனாரா பக்கம், பாலிக் புலாவ் சமவெளி முடிந்து மலை ஏறத் தொடங்கும் இடத்தில், ஒரு சின்னப் பள்ளத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து கைப்பேசிக் கோபுரம் நேர்க்கோட்டில் இரண்டரை கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் மலை தன் கையை நீட்டிப் போட்டதுபோல ஒரு மேடு இறங்கி வந்து நிற்கிறது. வாசலில் நின்று பார்த்தால் அந்த மேடும் அதன்மேல் டுரியான் மரங்களும்தான் தெரியும். கோபுரம் தெரியாது. கோபுரம் தெரியாத இடத்தில் இணையம் நன்றாக வரும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

மாமா ஆடு வளர்க்கிறார். பால் வாங்குகிறவர்கள் எல்லோரும் இப்போது வாட்ஸ்அப்பில்தான் கேட்கிறார்கள். அதற்குப் பதில் போட மாமி மேட்டுப் பாதையில் பத்து நிமிடம் ஏறுவார். நான்காம் படிவம் படிக்கும் பேத்தி பள்ளி வேலையை அனுப்ப அதே பாதையில் குடையோடு ஏறுவாள். முன்பு கொஞ்சம் எட்டிப் பார்த்த 3ஜி, 2021 இறுதியில் நாடு முழுக்க நிறுத்தப்பட்டபோது போய்விட்டது. அதன்பிறகு வீட்டுக்குள் பேச மட்டும் முடிந்தது. ஃபைபர் கேட்டு எழுதினோம். அந்தப் பக்கம் கம்பம் போகவில்லை என்று பதில் வந்தது.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்பு வேலை செய்கிறேன். ரேடியோ எனக்குத் தொழில் அல்ல, ஆசை. 2024 பிப்ரவரியில், பினாங்கில் மழை குறைந்திருக்கும் மாதத்தில், விடுமுறை நாட்களை இதற்கென்று ஒதுக்கினேன். இதேபோல ஒரு மேடு மறைக்கும் வீடு உங்களுக்கும் இருக்கலாம் என்பதால், சரியாக வந்ததையும் வராததையும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஸ்டார்லிங்க் பற்றி. 2023 ஜூலையில் அது மலேசியாவுக்கு வந்ததிலிருந்து எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். திறந்த வெளியில் வீடு இருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் அதற்கு அகலமான வானம் வேண்டும். மாமா வீட்டில் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் மலை, சுற்றிலும் ஜாதிக்காய் மரமும் டுரியான் மரமும். நடுவில் தெரியும் வானம் ஒரு முறம் அளவுதான். மாதக் கட்டணமும் பால் விற்கிற குடும்பத்துக்குப் பெரிதாக இருந்தது. அந்த வழியை அத்தோடு விட்டேன்.

முதல் முயற்சி, கூரைமேல் ஒரு திசை ஆண்டெனா. கம்பத்தை உயர்த்தி, கோபுரம் இருக்கும் திசைக்கே திருப்பி வைத்தேன். சிக்னல் பலத்தைக் காட்டும் ஆர்.எஸ்.ஆர்.பி. அளவு வீட்டுக்குள் −119 இருந்தது, கூரைமேல் −113 ஆனது. இந்த எண்கள் எல்லாம் கழித்தல் குறியோடு வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. −113 என்பது இருக்கிறது, ஆனால் பயனில்லை என்ற நிலை. ஒரு படம் அனுப்ப இரண்டு நிமிடம் ஆனது, மழை வந்தால் அதுவும் இல்லை. வெட்டவெளியில் ஆண்டெனாவின் பலம் முழுசாகச் சேரும். மேட்டுக்குப் பின்னால் அப்படிச் சேராது, ஏனென்றால் அங்கே வந்து சேருவது மேட்டின் விளிம்பில் வளைந்து, இலைகளில் சிதறி, பல திசையிலிருந்து வரும் மிச்சம்தான்.

இரண்டாவது யோசனையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இதில் பணத்தைப் போடுகிறார்கள். மேட்டின்மேல் இரண்டு ஆண்டெனாவை முதுகோடு முதுகாகக் கட்டி, நடுவில் ஒரு கேபிளால் இணைத்துவிட்டால், ஒன்று கோபுரத்திலிருந்து வாங்கும், மற்றது வீட்டுப் பக்கம் விடும், மின்சாரமே வேண்டாம் என்பது யோசனை. கேட்க அழகாக இருக்கும். வாங்குவதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போட்டேன்.

மேட்டின்மேல் சிக்னல் −86. வாங்கும் ஆண்டெனா 12 டெசிபல் கூட்டுகிறது, கேபிளில் 3 போகிறது, விடும் ஆண்டெனா இன்னொரு 12 கூட்டுகிறது. இதுவரை கணக்கு −65, நன்றாகவே இருக்கிறது. இனி அது 380 மீட்டர் காற்றில் பயணம் செய்ய வேண்டும். 1800 மெகாஹெர்ட்ஸ் அலை அந்தத் தூரத்தில் 89 டெசிபல் இழக்கும், நடுவில் ஒரு இலைகூட இல்லாவிட்டாலும். ஆக வீட்டுக்கு வந்து சேர்வது −154. வீட்டில் இன்னொரு 12 டெசிபல் ஆண்டெனா வைத்தாலும் −142. எதுவும் செய்யாமல் வீட்டுக்குள் இருந்ததோ −119. பத்து டெசிபல் என்றால் பத்து மடங்கு, இருபது என்றால் நூறு மடங்கு. ஆக 23 டெசிபல் வித்தியாசம் என்றால், இத்தனை பாடுபட்டுக் கொண்டுவரும் சிக்னல் ஏற்கெனவே வீட்டில் இருப்பதைவிட இருநூறு மடங்கு பலவீனமானது.

இந்த முறை அடியோடு தவறு என்று சொல்லவில்லை. வெளியே சிக்னல் மிகப் பலமாக இருந்து, சுவர் தாண்டி ஐந்து மீட்டர் உள்ளே கொண்டுபோக வேண்டும் என்றால் நடக்கும். அந்தக் காலத்துத் தொலைபேசிப் பொறியாளர்கள் மலைமேல் விளம்பரப் பலகை மாதிரி பெரிய உலோகத் தகடுகளை நிறுத்தி நுண்ணலையைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை செய்தது தகட்டின் பரப்பளவு. நம் கையளவு ஆண்டெனாவில் அந்தப் பரப்பு இல்லை.

அப்புறம் கடைகளில் விற்கும் சிக்னல் பூஸ்டர். தொடர்பு பல்லூடக ஆணையத்தின் அனுமதி இல்லாமல் அதை மாட்டுவது இந்த நாட்டில் குற்றம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் நான் விடவில்லை. மலிவான பூஸ்டர் கோபுரத்தை நோக்கி இரைச்சலையும் பெருக்கி அனுப்பும். அந்தக் கோபுரத்தை நம்பியிருக்கும் மொத்த ஊருக்கும் வேகம் குறையும். நம் வீட்டுக்கு இணையம் வர வேண்டும் என்பதற்காக ஊர் இணையத்தைக் கெடுப்பதை என்னால் ஏற்க முடியாது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. கோபுரமும் தெரிய வேண்டும், மாமா வீடும் தெரிய வேண்டும், அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு எல்.டி.இ. (4ஜி) மோடத்தை வைத்து, அதிலிருந்து 5.8 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ரேடியோவில் கீழே இறக்குவது.

பொருள் வாங்குவதற்கு முன் நான்கு சனிக்கிழமை வெறும் நடைக்கே போனது. கணினி வரைபடத்தில் உயரக்கோடு போட்டுப் பார்த்தேன். அது நிலத்தின் ஏற்ற இறக்கத்தைச் சொன்னது, ஆனால் மரங்களை நம்பும்படி சொல்லவில்லை. இங்கே மண்ணைவிட மரம்தான் தொல்லை. அதனால் கையில் கைப்பேசி, அதில் கோபுரத்தின் எண்ணையும் சிக்னல் அளவையும் காட்டும் செயலி, தோளில் தண்ணீர், இடுப்பில் பாராங் கத்தி. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் நின்று எண்களை நோட்டில் எழுதினேன்.

கைப்பேசியில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள். ஆர்.எஸ்.ஆர்.பி. பலத்தைச் சொல்லும். எஸ்.ஐ.என்.ஆர். தெளிவைச் சொல்லும், அதாவது நமக்கு வேண்டிய குரல் மற்ற குரல்களைவிட எவ்வளவு தூக்கலாகக் கேட்கிறது என்பதை. திருமண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று பேசுவதை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் கத்தித்தான் பேசுகிறார், ஆனால் ஒரு வார்த்தையும் புரியாது.

மேட்டின் உச்சிக்கு ஏறியபோது எனக்கு அப்படித்தான் ஆனது. ஆர்.எஸ்.ஆர்.பி. −84, நான் பார்த்த எல்லா இடத்திலும் சிறந்தது. மகிழ்ந்துபோய் வேகம் அளந்தேன். 9 எம்.பி.பி.எஸ். மறுபடி அளந்தேன், 7. எஸ்.ஐ.என்.ஆர். வெறும் 3. உச்சியிலிருந்து சமவெளி முழுதும் தெரிகிறது, வயல்வெளி, கடற்கரை, ஊர், எல்லாம். எல்லாக் கோபுரங்களும் தெரிகின்றன என்றும் அர்த்தம். ஒரே அலைவரிசையில் நாலைந்து கோபுரங்கள் ஒன்றாகப் பேசுவது கேட்கிறது.

சோர்ந்து இறங்கும்போது மேட்டின் தோளில், உச்சியைவிட இருபது மீட்டர் தாழ்ந்த ஒரு திருப்பத்தில் நின்று சும்மா ஒருமுறை அளந்தேன். −93. உச்சியைவிட 9 டெசிபல் குறைவு. ஆனால் எஸ்.ஐ.என்.ஆர். 15. வேகம் 34. அங்கே நின்று சுற்றிப் பார்த்ததும் காரணம் புரிந்தது. எனக்கு வலது பக்கம் அந்த மேடே எழுந்து நின்று மற்றக் கோபுரங்களை மறைத்துவிட்டது. எங்களுக்கு வேண்டிய ஒரே ஒரு கோபுரம் மட்டும் மரங்களின் இடைவெளியில் தெரிந்தது. இத்தனை நாள் மறிக்கிறது என்று நாங்கள் திட்டிக்கொண்டிருந்த அதே மண் இங்கே கேடயமாக நிற்கிறது. அந்த நிமிடம் எனக்கு இந்த வேலை முடிந்துவிட்டது மாதிரியே இருந்தது. ஒரு கம்பிகூட இன்னும் வாங்கவில்லை.

அடுத்து, அங்கிருந்து வீடு தெரிய வேண்டும். வீடு தெரியவில்லை. ஒரு மாமரம் மறைத்தது. வீட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் ஆட்டுக்கொட்டகையின் தகரக் கூரை தெரிகிற மாதிரி இருந்தது, ஆனால் தூரத்தில் பச்சைக்கு நடுவே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாமாவிடம் ஒரு எவர்சில்வர் தட்டைக் கொடுத்து, மதியம் மூன்று மணிக்குக் கொட்டகைக் கூரை உயரத்தில் ஏணிமேல் நின்று வெயிலைத் திருப்பச் சொன்னேன். நான் மேட்டுத் தோளில் ஒரு பெட்டிமேல் நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இலைகளுக்கு நடுவில் ஒரு வெள்ளை மின்னல், மறுபடி ஒன்று. பெட்டியிலிருந்து இறங்கி நின்றால் மின்னவில்லை. ஏறினால் மின்னியது. ஆக ரேடியோ குறைந்தது தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். நூறு வெள்ளி (ரிங்கிட்) கருவி சொல்லாததை அந்தத் தட்டு சொல்லிவிட்டது.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ரேடியோ அலை கயிறு மாதிரி மெல்லிய கோட்டில் போவதில்லை. நடுவில் பருத்து, இரு முனையில் ஒடுங்கி, ஒரு முருங்கைக்காய் வடிவில் போகிறது. ஃபிரெனல் வளையம் என்பார்கள். 5.8 கிகாஹெர்ட்ஸில் 380 மீட்டருக்கு அதன் நடு ஆரம் 2.2 மீட்டர். அதில் அறுபது விழுக்காடாவது, அதாவது கோட்டைச் சுற்றி 1.3 மீட்டர், இலையும் கிளையும் இல்லாமல் காலியாக இருக்க வேண்டும். இதை அப்போது கணக்குப் போட்டேன், ஆனால் நடுவை மட்டும் பார்த்தேன். முனைக்குப் பக்கத்தில் கவனமாகப் பார்க்கவில்லை. ஜூன் மாதம் அதற்கு விலை கொடுத்தேன், கீழே வருகிறேன்.

அந்த இடம் பக்கத்து டுரியான் தோட்டத்துத் தவுக்கேக்கு, அதாவது முதலாளிக்குச் சொந்தம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஹொக்கியன்காரர், மாமாவோடு மலாயில் பேசுவார். முப்பது வருடப் பழக்கம். மாமா நேராகப் போய்க் கேட்டார். நான் காகிதத்தில் படம் வரைந்து கொண்டுபோயிருந்தேன், அவர் அதைப் பார்க்கவே இல்லை. "போலே, போலே" (செய்யலாம், செய்யலாம்) என்று தலையாட்டிவிட்டு, விரலை நீட்டி ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். "ஜாங்ஙான் போத்தோங் போக்கோ." ஒரு மரத்தையும் வெட்டக்கூடாது. பழ மரத்தில் ஒரு கிளை அவருக்கு ஒரு பருவத்து வருமானம். ஒப்புக்கொண்டோம்.

மார்ச் முதல் வாரம் பொருட்களை ஏற்றினோம். ஒன்றரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் ஆறு மீட்டர் ஒன்று, மாமாவும் நானும் முன்னும் பின்னுமாகத் தோளில். வழியில் ஒரு திருப்பத்தில் பைப் திரும்பவில்லை, செங்குத்தாக நிமிர்த்தி மரங்களுக்கு நடுவே கொண்டுபோனோம். சிமெண்டை இரண்டு நடையாக ஏற்றினேன். "மாப்பிள்ளை, இருட்டுக்கு முன்னாடி முடிச்சிடு, பிறகு கொசு வந்திடும்" என்று மாமா துரத்திக்கொண்டே இருந்தார். அரை மீட்டர் குழி, சிமெண்ட், மூன்று பக்கம் இழுகம்பி. கம்பிகளைப் பாறையிலும் இரும்பு முளையிலும் கட்டினோம், மரத்தில் கட்டவில்லை. காற்றில் மரம் அசைந்தால் கம்பமும் அசையும்.

கம்பத்தில் மேலே கோபுரத்தைப் பார்க்கும் எல்.டி.இ. ஆண்டெனா, இரண்டு முனைவாக்கமும் (அலை அதிரும் இரண்டு திசைகளும்) ஒரே பலகைக்குள் இருக்கும் வகை. அதற்குக் கீழே ஒரு மீட்டர் விட்டுக் கொட்டகையைப் பார்க்கும் 13 டெசிபல் ரேடியோ. மோடத்தைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைத்துக் கம்பத்திலேயே மாட்டி, ஆண்டெனா கேபிளை இரண்டு மீட்டருக்குள் முடித்தேன். மோடத்தைக் கீழே நிழலில் வைக்கும் ஆசை வரும். கேபிள் நீளும் ஒவ்வொரு மீட்டரும் நாம் நடந்து தேடிய டெசிபலைத் தின்றுவிடும்.

மோடத்தை ஒரே ஒரு அலைவரிசையில், 1800 மெகாஹெர்ட்ஸில், பூட்டினேன். பூட்டாவிட்டால் அது 900-க்கும் 1800-க்கும் நடுவே தாவிக்கொண்டே இருக்கும். 900 அலை மேடுபள்ளத்தில் நன்றாக வளைந்து வரும், அதனால் பலமாகத் தெரியும். ஆனால் அங்கே கிடைக்கும் அகலம் குறைவு, எனக்கு வேகம் பாதிதான் வந்தது.

கீழே இறங்கும் இணைப்புக்கும் விதி இருக்கிறது. 5.8 கிகாஹெர்ட்ஸில் ஆண்டெனாவையும் சேர்த்து ஒரு வாட், அதாவது 30 டிபிஎம். 13 டெசிபல் ஆண்டெனா என்றால் ரேடியோவை 17-க்கு மேல் திருப்பக்கூடாது. நிறையப் பேர் முழுசாகத் திருப்பி வைக்கிறார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. அனுப்பும் 30, காற்றில் இழக்கும் 99, கொட்டகை ஆண்டெனா கூட்டும் 13, ஆக 30 கழித்தல் 99 கூட்டல் 13 என்று கணக்குப் போட்டால் கொட்டகையில் −56 வர வேண்டும். வந்தது −60. அது மிகத் தாராளம். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே வைத்தேன். 30 எம்.பி.பி.எஸ். கொண்டுபோக 80 எதற்கு?

மின்சாரம்தான் கம்பத்தைவிடப் பெரிய வேலை. மோடம், ரேடியோ, 12 வோல்டை 24 ஆக்கும் மாற்றி, எல்லாம் சேர்த்து 11 வாட் இழுத்தது. ஒரு நாளைக்கு 264 வாட்-மணி. பாட்டரி 12.8 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட், பதினோரு கிலோதான். அதே அளவு ஈய அமில பாட்டரியை அந்தப் பாதையில் நான் தூக்கியிருக்க முடியாது. எண்பது விழுக்காடு வரை பயன்படுத்தினால் ஏறக்குறைய நான்கு நாள் வெயிலே இல்லாமல் தாங்கும்.

சூரியத் தகடு பற்றி இணையத்தில் படிப்பது எல்லாம் திறந்த வெளிக்கு. தீவின் முதுகெலும்பாக நிற்கும் மலை பாலிக் புலாவுக்குக் கிழக்கே இருக்கிறது. மலைச்சரிவில் காலை பத்து மணி வரை நேர் வெயிலே வராது. முழு வெயில் ஒரு நாளைக்கு மூன்று மணிதான் கணக்கில் எடுத்தேன். இழப்பையும் கழித்தால் 125 வாட் தகடு வேண்டும், 200 வாட் போட்டேன். பினாங்கு பூமத்திய ரேகைக்கு 5.4 பாகை வடக்கேதான், தகட்டைப் படுக்க வைத்தாலே போதும். ஆனால் படுக்க வைத்தால் இலையும் பாசியும் சேரும். பதினைந்து பாகை சாய்த்து, காலை வெயில் இல்லை என்பதால் மேற்குப் பக்கம் பார்க்க வைத்தேன். டுரியான் மரத்துக்குக் கீழே வராதபடி தூரத்தை இரண்டு முறை அளந்தேன். பழம் விழுந்தால் தகடு போய்விடும், நாமும் அடியில் நிற்கக்கூடாது.

கொட்டகையிலிருந்து வீட்டுக்கு 55 மீட்டர் கேட்-6 கேபிள், நூறு மீட்டர் எல்லைக்குள்தான். மார்ச் 23, சனிக்கிழமை சாயங்காலம், வீட்டுக் கூடத்தில் 28 எம்.பி.பி.எஸ். இறக்கம், 9 ஏற்றம். மாமி சோபாவில் உட்கார்ந்தபடியே பால் கேட்டவர்களுக்கு எல்லாம் ஒவ்வொருவராகப் பதில் போட்டார். அரை மணி நேரம் யாரிடமும் பேசவில்லை. நான் தேநீர் குடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி கெட்டுப்போனவை.

ஏப்ரலில் குரங்கு. நீளவால் குரங்குகள் புதிதாகத் தொங்கும் எதையும் இழுத்துப் பார்க்கும். ரேடியோ கேபிளை உருவி, இணைப்பியை உடைத்துவிட்டன. கேபிள் முழுவதையும் ஜி.ஐ. பைப்புக்குள்ளேயே விட்டு, வெளியே தெரியும் ஒரு சாணுக்கு வளையும் இரும்புக் குழாய் போட்டேன். பிளாஸ்டிக் கட்டுநாடா எதுவும் இப்போது இல்லை, எல்லாம் துருப்பிடிக்காத இரும்புப் பட்டை.

மே மாதம் எறும்பு. பெட்டியின் கேபிள் துளையில் ஒரு நூல் இடைவெளி இருந்தது போதும், உள்ளே முட்டையோடு குடியேறிவிட்டன. மோடம் சூட்டில் நின்று நின்று ஓடியது. துளைகளுக்குக் கேபிளைச் சுற்றி இறுக்கும் ரப்பர் நெரிப்பி போட்டேன், கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு முறை கீழே வளைந்து ஏறும்படி விட்டேன், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். காற்றுத் துளையில் மெல்லிய கம்பிவலை.

ஜூன் மாதம்தான் நான் முன்பு சொன்ன விஷயம். மழை பெய்தால் இணைப்பு −60-இலிருந்து −76-க்கு விழுந்தது. 5.8 கிகாஹெர்ட்ஸில் இந்தத் தூரத்துக்கு மழைத்துளி ஒன்றும் செய்யாது, அதனால் காரணம் வேறு. ஏறிப் பார்த்தேன். கம்பத்திலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளி ஒரு டுரியான் கிளை. மார்ச்சில் கோட்டுக்கு மேலே ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தது. அந்த இடத்தில் வளையத்தின் ஆரம் 90 சென்டிமீட்டருக்கும் குறைவு, ஆக அப்போது பிரச்சினை இல்லை. இப்போது பழம் பிடித்து, கனத்தில் கிளை தாழ்ந்து, இலைக்கொத்து நேராகக் கோட்டுக்குள் வந்திருந்தது. காய்ந்த இலை கொஞ்சம் விடும். நனைந்த இலை தண்ணீர்ச் சுவர் மாதிரி.

பருவம் முடிந்தால் கிளை மேலே போகும், காத்திருக்கலாம் என்று மாமா சொன்னார். அடுத்த வருடமும் காய்க்கும் அல்லவா? வெட்ட முடியாது, கேட்கவும் மனம் வரவில்லை. கம்பத்தின் பக்கவாட்டில் இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு கை பற்றவைத்து, ரேடியோவை அதன் முனைக்கு மாற்றி, கோட்டைக் கிளைக்குப் பக்கத்தில் விலக்கினேன். கையைத் தாங்க இன்னொரு இழுகம்பி. மறுபடி தட்டு, மறுபடி மாமா ஏணிமேல். இப்போது பெருமழையிலும் −63. மரத்துக்கடியில் இணைப்பு போட நினைப்பவர்களுக்கு ஒன்று: பூத்திருக்கும்போது அளக்காதீர்கள், காய்த்திருக்கும்போது அளங்கள். முடியாவிட்டால் அந்தத் தாழ்வையும் சேர்த்து இடம் விடுங்கள்.

செப்டம்பரில் விடாத மழை. ஐந்தாம் நாள் பாட்டரி தீர்ந்து அணைந்தது. இன்னொரு பாட்டரி வாங்குவதற்குப் பதில் இருபது வெள்ளிக்கு ஒரு நேரக்கருவி வாங்கி, நள்ளிரவு ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை எல்லாவற்றையும் அணைத்தேன். ஒரு நாளைக்கு 44 வாட்-மணி மிச்சம். அதைவிடப் பெரிய நன்மை, மோடம் தினமும் ஒருமுறை அணைந்து எழுகிறது. முன்பு மாதம் இரண்டு முறை அது உறைந்து நிற்கும், யாராவது மேலே ஏறிப் பொத்தானை அழுத்த வேண்டும். அதன்பிறகு ஒருமுறைகூட அந்த வேலை இல்லை.

அக்டோபரில் இடி. உலகத்திலேயே இடி அதிகம் விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. கம்பத்துக்கு இரண்டு செம்புத் தண்டு இறக்கி நிலத்தொடர்பு கொடுத்திருந்தேன், அது பாறை மண் என்பதால் ஒன்று போதவில்லை. கம்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு சாயங்காலம் எங்கோ பக்கத்தில் விழுந்த இடியில் கொட்டகை ரேடியோவின் கேபிள் வாசலும் (கேபிள் செருகும் போர்ட்) வீட்டு ரௌட்டரின் வாசலும் ஒரே நொடியில் செத்தன. நடுவில் இருந்த அந்த 55 மீட்டர் செம்புதான் குற்றவாளி. அவ்வளவு நீளம் செம்பு இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஓடினால், பக்கத்தில் இடி விழும்போது இரு முனைக்கும் இடையே ஏறும் மின்னழுத்தத்தை அந்தச் சின்ன வாசல்கள் தாங்க வேண்டியிருக்கும்.

அந்தக் கேபிளை எடுத்துவிட்டு, முனைகள் ஏற்கெனவே பொருத்தி வரும் ஃபைபர் 60 மீட்டரும் இரண்டு மாற்றிப் பெட்டியும் போட்டேன். எல்லாம் 130 வெள்ளி. கண்ணாடியில் மின்சாரம் பாயாது. முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும், 55 மீட்டர் என்றதும் நூறுக்குள் இருக்கிறதே என்று மட்டும் யோசித்துவிட்டேன். கொட்டகைக்கு வீட்டிலிருந்து மின்கம்பி இன்னும் போகிறது, அதனால் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். அதன் இரு முனையிலும் அதிர்வு தடுப்பான் வைத்திருக்கிறேன்.

மொத்தச் செலவு, கெட்டுப்போய் மாற்றியதையும் சேர்த்து, 2,400 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். அதில் பாதிக்கு மேல் பாட்டரி, தகடு, அதற்கான கட்டுப்பாட்டுப் பெட்டி. ரேடியோ இரண்டும் சேர்த்து நானூறுக்குள். சிம் கட்டணத்தைப் பால் காசிலிருந்து மாமி கட்டுகிறார்.

இதை எழுதுவது 2025 பிப்ரவரியில். தவுக்கே போன வாரம் மாமாவைத் தேடி வந்தார். டுரியான் பருவத்தில் அவர் இரவெல்லாம் தோட்டத்துக் குடிசையில் தங்கிப் பழம் பொறுக்குவார், அங்கேயும் சிக்னல் இல்லை. கூச்சத்தோடு கேட்டார், அந்தக் கம்பத்திலிருந்து அவருக்கும் கொஞ்சம் கிடைக்குமா என்று. அவர் நிலத்தில் நிற்கும் கம்பம் அது. காசு பேச்சே இல்லை என்று மாமா சொல்லிவிட்டார்.

குடிசை கம்பத்திலிருந்து 140 மீட்டர், வேறு திசை, அதனால் கொட்டகையைப் பார்க்கும் ரேடியோ போதாது, இன்னொன்று வேண்டும். 4 வாட் கூடும், தகடு தாங்கும், மழைக்காலத்தில் பாட்டரி மூன்று நாளுக்கு இறங்கும். அவர் பருவத்துக்கு மட்டும் போதும் என்கிறார், மழைக்காலத்தில் அணைத்துவிடலாம். போன ஞாயிறு அவரே அதே எவர்சில்வர் தட்டை வாங்கிக்கொண்டு குடிசைக்குப் போனார். நான் கம்பத்தில் ஏணி சாய்த்து ஏறி நின்றேன். மூன்று மீட்டர் உயரத்தில் தட்டு மின்னியது. அடுத்த சனிக்கிழமை ரேடியோ மாட்டுகிறோம். நடுவில் இருக்கும் இரண்டு கிளைகளை அவரே பார்த்து, பழம் பிடித்தால் எவ்வளவு இறங்கும் என்று கையை வைத்து அளந்து காட்டியிருக்கிறார்.